அம்புலன்ஸ் வந்து சேரும் வரை

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடல், பிலிமத்தலாவை. வைத்திய, தாதிமைத் துறைகளில் பணியாற்றும் பழைய மாணவிகள் சார்பில் நிகழ்த்தப்பட்ட உரை.)



நூற்றாண்டு நினைவாகச் சங்கம் என்ன செய்யலாம் என்று கேட்டபோது வந்த யோசனைகளில் கூடுதலான ஆதரவு பெற்றது ஓர் அம்புலன்ஸ். சாதாரண வண்டி அல்ல. இதயம் நின்றுபோனவருக்கு வழியிலேயே மின்னதிர்வும் மருந்தும் செயற்கைச் சுவாசமும் கொடுக்கக்கூடிய, உயர்நிலை உயிர்காப்பு வசதிகள் பொருத்திய வண்டி. நம்மோடு படித்தவர்களில் சிலர் சமையலறையிலும் பஸ் தரிப்பிடத்திலும் திடீரென்று விழுந்து போய்ச் சேர்ந்த துக்கம் அந்த யோசனைக்குப் பின்னால் இருக்கிறது என்பதை நாங்கள் அறிவோம். அதனால்தான் செயற்குழு எங்களிடம் அபிப்பிராயம் கேட்டது. சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறோம். வண்டி வேண்டாம். அந்தப் பணத்தையும் அந்த அக்கறையையும் நம் பிள்ளைகளின் இரண்டு கைகளுக்குப் பயிற்சி கொடுப்பதில் செலவிடுவோம். ஏன் இப்படிச் சொல்கிறோம் என்பதை விளக்கத்தான் இந்த நேரத்தைக் கேட்டு வாங்கினோம்.

மாரடைப்பு வேறு, இதய நிறுத்தம் வேறு. மாரடைப்பு என்பது இதயத் தசைக்கு இரத்தம் கொண்டுபோகும் நாடி அடைபடுவது. நோயாளி நெஞ்சு நோகிறது என்பார், வியர்த்துக் கொட்டும், சத்தி எடுப்பார். ஆனால் நம்மோடு பேசுவார். அவரை நடக்கவிடாமல் இருத்தி, உடனே வைத்தியசாலைக்கு வழி பார்க்க வேண்டும். இதய நிறுத்தம் என்பது இதயம் இரத்தத்தைத் தள்ளுவதையே விட்டுவிடுவது. சில வினாடிகளில் ஆள் நினைவிழந்து சரிந்துவிடுவார். முதலாவது இரண்டாவதில் போய் முடியலாம், அதனால்தான் இரண்டையும் ஒன்றாக எண்ணிக்கொள்கிறோம்.

இன்னொன்றும் பலருக்குத் தெரியாது. இதயம் 'நின்றுவிட்டது' என்று சொன்னாலும், மாரடைப்பால் திடீரென்று விழுபவர்கள் பலரில் முதல் சில நிமிடங்களுக்கு அது அசைவற்றுக் கிடப்பதில்லை. அதன் கீழறைகள் ஒழுங்கில்லாமல் நடுங்கிக்கொண்டிருக்கும். அந்த நடுக்கத்தை அடக்கி மறுபடி ஒழுங்காகத் துடிக்க வைக்க வல்லது மின்னதிர்வு. நேரம் போகப் போக நடுக்கமும் ஓய்ந்துவிடும். அதன்பின் மின்னதிர்வாலும் பயனில்லை. ஒருவரும் ஒன்றும் செய்யாமல் நின்றால் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் வரை குறைந்துகொண்டு போகும் என்பது வைத்திய உலகில் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. பத்து நிமிடம் என்றால் என்ன மிஞ்சும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். பிலிமத்தலாவைச் சந்தியில் பின்னேரம் பாடசாலை விடுகிற நேரத்தில் ஒரு வாகனம் திரும்பி எடுப்பதற்கே எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பது இங்கே இருப்பவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இனி அந்த உயர்நிலைச் சிகிச்சை என்பதில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். தொண்டை வழியாகக் குழாய் இறக்கிச் சுவாசப் பாதையைப் பாதுகாப்பது, நாளத்தில் ஊசி ஏற்றி மூன்று முதல் ஐந்து நிமிடங்களுக்கு ஒரு தடவை 1 மில்லிகிராம் அட்ரினலின் கொடுப்பது, மூன்று தடவை மின்னதிர்வு கொடுத்தும் நடுக்கம் அடங்காவிட்டால் அமியோடரோன் 300 மில்லிகிராம் கொடுப்பது, ஈ.சி.ஜி. திரையைப் பார்த்துக்கொண்டே, இரத்தம் போனதா, பொட்டாசியம் ஏறியதா, ஒட்சிசன் குறைந்ததா, நெஞ்சுக்குள் காற்று அடைத்ததா என்று திருத்தக்கூடிய காரணத்தைத் தேடுவது. எங்களில் மயக்க மருந்துப் பிரிவிலும் அவசர சிகிச்சைப் பிரிவிலும் இருப்பவர்களுக்கு இதுதான் தொழில். இதைக் குறைத்துச் சொல்வது எங்கள் நோக்கமல்ல. நோயாளியின் இதயம் திரும்பத் துடிக்கத் தொடங்கிய பிறகு வரும் மணித்தியாலங்களில் இந்த அறிவு இல்லாமல் ஒன்றும் நடக்காது.

ஆனால் அந்தச் சிகிச்சையை வீதிக்குக் கொண்டுவந்தால் எத்தனை பேர் கூடுதலாகப் பிழைக்கிறார்கள் என்ற கேள்விக்கு விடை தேடிய நாடு ஒன்று இருக்கிறது. கனடாவிலிருந்து வந்திருக்கும் அக்காமார் காது கொடுத்துக் கேட்க வேண்டும். அது உங்கள் ஒன்ராறியோ மாகாணத்தில் நடந்த ஆய்வு. 17 நகரங்களில், 5,600க்கும் மேற்பட்ட நோயாளர்களைக் கணக்கில் எடுத்தார்கள். அங்கே ஏற்கெனவே விரைவாக மின்னதிர்வு கொடுக்கும் ஏற்பாடு இருந்தது. அதற்கு மேல் குழாய் இறக்குவதும் ஊசி மருந்து கொடுப்பதும் தெரிந்த உதவியாளர்களைச் சேர்த்தார்கள். 2004இல் முடிவு வெளிவந்தது. உயிரோடு வைத்தியசாலை வாட்டுக்குப் போய்ச் சேர்ந்தவர்கள் கூடினார்கள். ஆனால் உயிரோடு வீடு திரும்பியவர்கள்? முன்பு 5.0 சதவீதம், பின்பு 5.1 சதவீதம். அவ்வளவுதான். அதே ஆய்வில் பிழைத்தவர்களோடு வலுவாகச் சேர்ந்து வந்தவை வேறு மூன்று விடயங்கள்: விழும்போது யாராவது பார்த்திருந்தது, பக்கத்தில் நின்றவர் நெஞ்சை அழுத்தத் தொடங்கியது, எட்டு நிமிடத்துக்குள் மின்னதிர்வு கிடைத்தது.

அட்ரினலின் பற்றியும் சொல்லிவிடுகிறோம், ஏனென்றால் சினிமாவில் பார்த்துவிட்டு "ஊசி போட்டிருந்தால் பிழைத்திருப்பாரே" என்று கேட்பவர்கள் அதிகம். பிரித்தானியாவில் 8,014 நோயாளர்களிடம், ஒரு பகுதியினருக்கு அட்ரினலினும் மற்றவர்களுக்கு வெறும் உப்புநீரும் கொடுத்து ஒப்பிட்டார்கள். 2018இல் வெளியான அந்த முடிவின்படி 30 நாள் உயிரோடு இருந்தவர்கள் 3.2 சதவீதமும் 2.4 சதவீதமும். மருந்து உதவியது, கொஞ்சம். ஆனால் மருந்து பெற்றுப் பிழைத்தவர்களில் 31 சதவீதமானவர்கள் கடுமையான மூளைப் பாதிப்போடு இருந்தார்கள். மருந்து பெறாமல் பிழைத்தவர்களில் அது சுமார் 18 சதவீதம். இதயத்தை எழுப்பும் மருந்தால் அதற்கு முன்பே இரத்தமில்லாமல் கிடந்த மூளையை எழுப்ப முடியவில்லை. அந்த முதல் நிமிடங்களில் மூளைக்கு இரத்தம் அனுப்பக்கூடியது நெஞ்சை அழுத்தும் கை மட்டுமே.

வண்டியில் சிகிச்சையை ஏற்றி அனுப்பும் யோசனை 1960களின் நடுவில் வட அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரில் ஃபிராங்க் பான்ரிட்ஜ் என்ற வைத்தியர் தொடங்கியது. அவர் கார் பற்றரிகளைப் பூட்டிச் செய்த முதல் மின்னதிர்வுக் கருவியின் நிறை 70 கிலோ. இன்று அது ஒரு சோற்றுப் பெட்டியின் அளவுக்கு வந்துவிட்டது. அமெரிக்காவின் சியாட்டில் நகரம் 1970இல் தீயணைப்புப் படையினரைக் கொண்டு இப்படி ஒரு சேவையைத் தொடங்கியது. அதை நடத்தியவர்கள் சீக்கிரமே ஒன்றைக் கண்டுகொண்டார்கள்: வண்டி எவ்வளவு விரைவாக வந்தாலும், அதற்கு முன் யாரும் கைவைக்காதவரைக் காப்பாற்றுவது கடினம். அடுத்த ஆண்டே பொதுமக்களுக்குப் பயிற்சி கொடுக்கத் தொடங்கினார்கள். வண்டியையும் சனங்களையும் அவர்கள் ஒன்றாகவே கட்டியெழுப்பினார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

எங்களுக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்த உதாரணம் டென்மார்க். 2005இல் பாடசாலைப் பிள்ளைகளுக்கு இந்தப் பயிற்சியைக் கட்டாயமாக்கினார்கள். அடுத்த ஆண்டு சாரதி அனுமதிப்பத்திரம் எடுப்பவர்களுக்கும். 2001இல் அந்த நாட்டில் இதயம் நின்று விழுந்தவர்களில் 21 சதவீதமானவர்களுக்கே பக்கத்தில் இருந்தவர்கள் நெஞ்சழுத்தம் கொடுத்திருந்தார்கள். 2010இல் அது 45 சதவீதத்தை எட்டியது. அதே காலத்தில் 30 நாள் பிழைத்தவர்கள் 3.5 சதவீதத்திலிருந்து 10.8 சதவீதமானார்கள். வேறு பல முன்னேற்றங்களும் அதில் சேர்ந்திருக்கின்றன, எல்லாப் புகழையும் பாடசாலைக்குக் கொடுக்க முடியாது. என்றாலும் ஒரு பாடசாலையின் நூற்றாண்டு விழாவில் இதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. 12 வயதிலிருந்து ஆண்டுக்கு இரண்டு மணித்தியாலம் போதும் என்ற பரிந்துரைக்கு உலக சுகாதார அமைப்பும் 2015இல் ஆதரவு தெரிவித்திருக்கிறது. ஆண்டுக்கு மூன்று பாடவேளை. நாங்கள் படித்த காலத்தில் தையல் பாடத்துக்கு வாரத்துக்கு அவ்வளவு போனது.

நம் நாட்டுக்கு வருவோம். 2016 யூலையில் மேல், தென் மாகாணங்களில் 88 வண்டிகளோடு 1990 சுவசெரிய தொடங்கியது, இந்திய அரசின் நன்கொடையில். 2018இல் தனிச் சட்டம் இயற்றி அதை ஒரு மன்றமாக்கி, வண்டிகளை 297 ஆகக் கூட்டி, ஒன்பது மாகாணங்களுக்கும் விரித்தார்கள். ஒரு சதமும் கொடுக்கத் தேவையில்லை. தமிழிலேயே பேசலாம். அதற்கு முன் கண்டிப் பக்கத்தில் ஒருவர் விழுந்தால் முச்சக்கரவண்டிதான் அம்புலன்ஸ் என்பதை நினைவுள்ளவர்கள் நினைத்துப் பார்க்கலாம். வண்டியில் வைத்தியர் வருவதில்லை. பயிற்சி பெற்ற அவசர மருத்துவ உதவியாளர் ஒருவரும் சாரதியும் வருவார்கள். நாம் மேலே சொன்ன முழுமையான சிகிச்சை பேராதனையிலோ கண்டியிலோ வைத்தியசாலை வாசலில்தான் தொடங்கும்.

ஆகவே சங்கம் வாங்கும் ஒரு வண்டி இந்த அமைப்புக்கு வெளியே தனியாக நிற்கும். அதை இரவு பகலாக ஓட்ட முறைமாற்றுச் சாரதிகள் வேண்டும். மருந்து கொடுக்க உரிமையுள்ளவர்கள் வேண்டும். எரிபொருள், காப்புறுதி, காலாவதியாகும் மருந்துகள். முதல் ஆண்டு பட்டுநாடா வெட்டலாம். ஐந்தாம் ஆண்டு அது எங்கே நிற்கும் என்று யோசிக்க எங்களுக்கே துக்கமாக இருக்கிறது. 1990 ஏற்கெனவே இருக்கிறது. இல்லாதது, அது வரும்வரை செய்ய வேண்டியதைத் தெரிந்த ஆட்கள்.

அந்த இடைவெளி நம் பக்கத்தில் எவ்வளவு என்று பாருங்கள். இங்கிருந்து பேராதனைப் போதனா வைத்தியசாலை ஐந்தாறு கிலோமீற்றர்தான். ஆனால் நம் மாணவிகள் எல்லோரும் கொழும்பு–கண்டி வீதியோரத்தில் வசிக்கவில்லை. கலஹா, தெல்தோட்டை, ஹந்தானை, புசல்லாவை என்று மலைகளில் இருந்து வருகிறார்கள். வண்டி பெருந்தெருவில் நின்றாலும், லயத்துக்குப் படி ஏறிப்போய் ஆளைத் தூக்கி வரவேண்டும். எசல பெரஹரா நாட்களில் கண்டி நகரத்துக்குள் என்ன நிலை என்று கேட்கவே வேண்டாம். 1990 அழைப்பு போய்ச்சேருவது கொழும்புப் பக்கத்து மத்திய நிலையத்துக்கு. அங்கே தொலைபேசி எடுக்கும் பிள்ளைக்கு நம் முடக்குகளும் பாலங்களும் தெரியாது. தோட்டத்தின் பெயரும் பிரிவு இலக்கமும் கடிதம் வந்துசேரப் போதும், வண்டி வந்துசேரப் போதாது. எந்தச் சந்தியில் திரும்புவது, எந்தக் கோயிலடி, எந்தக் கடை என்று சொல்ல வேண்டும். ஒருவரை டோர்ச்சோடு சந்திக்கு அனுப்ப வேண்டும். நாங்கள் எந்தப் பயிற்சிக்குப் போனாலும் முதலில் பிள்ளைகளிடம் அவரவர் வீட்டுக்கு வழி சொல்லச் சொல்வோம். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒன்றுக்கு அது எவ்வளவு கடினம் என்பது கேட்டவர்களுக்குத்தான் தெரியும்.

சரி, கைகள் என்ன செய்ய வேண்டும்? விழுந்தவரைத் தோளில் தட்டிக் கூப்பிடுங்கள். எழும்பவில்லை, ஒழுங்காக மூச்சு விடவில்லை என்றால் இதய நிறுத்தம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். இந்த இடத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். இதயம் நின்ற பிறகும் சிலர் இடைக்கிடை வாயைத் திறந்து 'ஹக்' என்று ஒரு இழுப்பு இழுப்பார்கள். அது மூச்சல்ல. தொடக்கத்தில் கை கால் சற்று வெட்டி இழுக்கலாம், அது வலிப்பும் அல்ல. அந்த நேரம் கையில் திறப்புக்கோர்வையைத் திணிப்பது, முகத்தில் தண்ணீர் அடிப்பது, வாயில் சோடா ஊற்றுவது எல்லாம் நிமிடங்களைத் தின்னும் வேலைகள்.

ஒருவர் 1990ஐ அழைத்துத் தொலைபேசியை ஒலிபெருக்கியில் வைக்கட்டும். ஆளைக் கட்டிலிலிருந்து தரைக்கு இறக்குங்கள். மெத்தையில் அழுத்தினால் மெத்தைதான் அமுங்கும். நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில் ஒரு உள்ளங்கையின் அடியை வைத்து, மற்றக் கையை அதன்மேல் கோர்த்து, முழங்கை மடங்காமல், ஐந்து முதல் ஆறு சென்ரிமீற்றர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. ஒவ்வொரு முறையும் நெஞ்சு முழுதாக மேலெழ விடவேண்டும். பிலிமத்தலாவையில் பித்தளை தட்டும் பட்டறைகளுக்குப் பக்கத்தில் வளர்ந்தவர்களுக்குத் தாளம் தப்பாது என்று எங்களில் ஒருவர் பகிடியாகச் சொல்வார். இரண்டு நிமிடத்தில் கை ஓய்ந்துவிடும், ஆள் மாறுங்கள். பயிற்சி பெற்றவர்கள் 30 அழுத்தத்துக்கு இரண்டு ஊதல் கொடுக்கலாம். பழக்கமில்லாதவர்கள் அழுத்துவதை மட்டும் விடாமல் செய்தால் போதும். மகாவலியில் மூழ்கியவர்களுக்கும் சிறுபிள்ளைகளுக்கும் மட்டும் மூச்சு ஊதுவது மிக முக்கியம், அதைப் பயிற்சியில் தனியாகக் காட்டுகிறோம். விலா எலும்பு முறியுமோ என்று பயப்பட வேண்டாம். முறியலாம். முறிந்த எலும்பு பொருந்தும்.

அப்படியே முச்சக்கரவண்டியில் மடித்து ஏற்றிக்கொண்டு ஓடக்கூடாதா என்று எப்போதும் ஒரு கேள்வி வரும். பேசிக்கொண்டிருக்கும் மாரடைப்பு நோயாளியை, அம்புலன்ஸ் கிடைக்காவிட்டால், ஏற்றிக்கொண்டு போகத்தான் வேண்டும். இதயம் நின்றவரை ஏற்றினால், பின் இருக்கையில் கழுத்து மடிந்து கிடப்பவரின் நெஞ்சை யாராலும் அழுத்த முடியாது. வைத்தியசாலை வாசலில் எங்களிடம் கொண்டுவந்து தரும்போது எங்களிடம் அட்ரினலின் இருக்கும், குழாய் இருக்கும், எல்லாம் இருக்கும். அவர்கள் கேட்பதைக் கொடுக்கத்தான் எங்களால் முடியாது.

பெண்களாகக் கூடியிருப்பதால் இதையும் வெளிப்படையாகப் பேசுவோம். அமெரிக்காவில் 19,000க்கு மேற்பட்ட நிகழ்வுகளை ஆராய்ந்தபோது, பொது இடத்தில் விழுந்த ஆண்களில் 45 சதவீதமானவர்களுக்கும் பெண்களில் 39 சதவீதமானவர்களுக்குமே பக்கத்தில் இருந்தவர்கள் நெஞ்சழுத்தம் கொடுத்திருந்தார்கள். அங்கேயே அப்படி என்றால், கண்டி பஸ் நிலையத்தில் சேலை கட்டிய ஓர் அம்மா விழுந்தால், எந்த ஆண் துணிந்து நெஞ்சில் கைவைப்பான்? கூட்டம் கூடி நின்று "யாராவது பொம்பிளைகள் வாங்கோ" என்று கூப்பிடும். அந்த வேளை முன்னுக்கு வரும் பெண்ணுக்கு வேலை தெரிந்திருக்க வேண்டும். அழுத்துவதற்குச் சேலையையோ சட்டையையோ கழற்றத் தேவையில்லை. மின்னதிர்வுக் கருவி வந்தால் மட்டும் சட்டையை வெட்டித் திறந்து, ஓர் ஒட்டுத்தகட்டை வலது காறையெலும்புக்குக் கீழும் மற்றதை இடது அக்குளுக்குக் கீழே விலாப் பக்கமும் வெறும் தோலில் ஒட்ட வேண்டும். தாலியை அறுக்க வேண்டாம், தகட்டில் படாமல் ஒதுக்கிவிட்டால் போதும். மற்றவர்கள் சேலையைப் பிடித்து மறைத்துக்கொண்டு நிற்கட்டும். ஆணுக்கு விழுந்தாலும் நம் பிள்ளை தயங்கக் கூடாது. அப்பாவுக்கும் வாசலில் வந்த மீன்காரருக்கும் நெஞ்செலும்பு ஒரே இடத்தில்தான்.

எங்கள் பிரேரணை இதுதான். ஒன்பதாம் வகுப்பிலிருந்து மேலே எல்லா மாணவிகளுக்கும் ஆண்டுதோறும் இரண்டு மணித்தியாலப் பயிற்சி. அதற்குப் பத்துப் பயிற்சிப் பொம்மைகள். தானாகவே இதய ஓட்டத்தைப் பார்த்து, தேவையானால் மட்டும் அதிர்வு கொடுக்கும் ஏ.ஈ.டி. கருவி ஒன்று பாடசாலையில். அதை அதிபரின் அறை அலுமாரிக்குள் பூட்டி வைப்பதென்றால் தயவுசெய்து வாங்கவே வேண்டாம். மண்டப வாசலில், எல்லோர் கண்ணிலும் படும்படி, பூட்டில்லாமல் இருக்க வேண்டும். அதன் பற்றரிக்கும் ஒட்டுத்தகடுகளுக்கும் காலாவதித் திகதி உண்டு. அதைப் பார்த்து மாற்றும் பொறுப்பையும் செலவையும் சங்கத்தின் நிரந்தர வேலையாகக் கூட்டறிக்கையில் பதிய வேண்டும். பயிற்சி கொடுக்க எங்களில் எட்டுப் பேர் பெயர் கொடுத்திருக்கிறோம். யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் பணியாற்றும் இருவர் பாடசாலை விடுமுறையில் வந்து சேர்வார்கள்.

வாக்கெடுப்பு மதிய போசனத்துக்குப் பிறகு என்று செயலாளர் அறிவித்திருக்கிறார். அதற்கு முன், மண்டபத்தின் பின்பக்கம் பாய் விரித்து நான்கு பொம்மைகள் வைத்திருக்கிறோம். சேலையைச் சற்று இழுத்துச் செருகிக்கொண்டு ஒவ்வொருவரும் வந்து இரண்டு நிமிடம் அழுத்திப் பாருங்கள். முழங்கால் வருத்தமுள்ள அக்காமாருக்குக் கதிரை போட்டிருக்கிறோம். நீங்கள் சத்தமாக எண்ணிக் கொடுங்கள், தங்கச்சிமார் அழுத்தட்டும்.